உடம்பு சொல்லும் சேதியை யாரிடம் கொடுத்து வைப்பது? மஞ்சப்பை, ஆபா, லேப் ஆப், ஆராய்ச்சி: ஓர் ஒப்பீடு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் கேள்விகளில் பாதி நோயைப் பற்றியவை, மீதி ரிப்போர்ட்டைப் பற்றியவை. அண்மையில் வந்த மூன்று கேள்விகள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேரப்போகும் ஒரு தம்பி கேட்கிறார்: "கம்பெனியில மெடிக்கல் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க. போன வருஷம் ரத்த தானம் பண்ணப் போனப்ப எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்குன்னு சொன்னாங்க. ஆபா நம்பர் எடுத்தா அது கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமாண்ணா?" (ஆபா என்பது மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசு கொடுக்கும் டிஜிட்டல் எண்.)

பாலக்கோட்டிலிருந்து ஓர் அக்கா: "அப்பாவுக்குச் சர்க்கரை, கிட்னியும் கொஞ்சம் பாதிச்சிருக்கு. தர்மபுரி ஜி.ஹெச்., சேலம், பெங்களூருன்னு மூணு ஊரு ரிப்போர்ட்டும் ஒரே பையில கிடக்குது. எல்லாத்தையும் போன்ல ஏத்திட்டு பையைத் தூக்கிப் போட்டுடலாமா?"

சித்தேரி மலையிலிருந்து ஒருவர்: "அரிவாள் செல் முகாம்னு ரத்தம் எடுக்க வர்றாங்க. எங்க வீட்டுல கொடுத்தா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்ப அது பேச்சாகிடுமா?" (அரிவாள் செல் என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய்.)

மூன்றும் வேறு வேறு கவலைகள். ஆனால் மூவரும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: என் உடம்பிலிருந்து வந்த தகவலை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது.

சொந்தம் யாருக்கு?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் உலகத்தில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் ஜான் மூர் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக மண்ணீரலை எடுத்தார்கள். அதிலிருந்த செல்களை வளர்த்து, அவருக்குச் சொல்லாமலே 1984-இல் காப்புரிமையும் வாங்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1990-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வெட்டி எடுத்த செல்கள் மீது அவருக்குச் சொத்துரிமை கிடையாது என்றது. அதே தீர்ப்பில், தனக்கு அதில் ஆராய்ச்சி லாபமும் பண லாபமும் இருப்பதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. பொருள் உனக்கில்லை, ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆராய்ச்சி நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தமும் தகவலும் கொடுத்தவருக்கே சொந்தம், நிறுவனம் அதைப் பாதுகாப்பவர் மட்டுமே என்கின்றன. ஆராய்ச்சிக்கு அப்படி. லேபிலும் ஆப்பிலும் இருக்கும் தகவலுக்கு 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதில் 'சொந்தம்' என்ற பேச்சு வராது. ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், திருத்தக் கேட்கலாம், அழிக்கக் கேட்கலாம் என்று உரிமைகளாகக் கொடுத்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமைகளும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளும் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

அதனால் 'யாருடையது' என்பதையே பிடித்துக்கொண்டிருந்தால் நாளைக் காலை லேப் கவுண்டரில் நிற்கும்போது உதவாது. நான் பார்க்கச் சொல்லும் அளவுகோல்கள் இவை:

1. அவசரத்தில் கைக்கு வருமா? ராத்திரி பதினோரு மணிக்கு காஷுவாலிட்டியில் நிற்கும்போது.
2. யார் யார் பார்க்க முடியும்? பார்த்தால் எனக்குத் தெரிய வருமா?
3. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?
4. என் தகவலோடு யாருடைய தகவலும் சேர்ந்து போகிறது? ரத்த அழுத்தம் என்னைப் பற்றி மட்டும் சொல்லும். மரபணு என் பங்காளி, மாமன் மச்சான் எல்லாரைப் பற்றியும் சொல்லும்.
5. காசு, நேரம், மானம் என்று பின்னால் வரப்போகும் செலவு என்ன?

மூன்றாவதும் நான்காவதும்தான் எனக்கு முக்கியம். அந்த இரண்டில் தேறாத இடத்தில் எவ்வளவு வசதி இருந்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

மஞ்சப்பையும் காகிதமும்

நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் மருத்துவத் தகவல் என்றால் ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி, பரணிலோ பீரோ மேலோ வைத்திருக்கும் காகிதக் கட்டு. படித்தவர்கள் இதைக் குறைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பை வீட்டில் இருக்கும்வரை யார் பார்க்கிறார்கள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். அதை யாரும் ஹேக் செய்ய முடியாது, ஏலத்தில் விற்க முடியாது. வேண்டாம் என்றால் அடுப்பில் போட்டுவிடலாம். இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்களில் காகிதத்தை அடிக்க ஆளில்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இ.சி.ஜி. தாளும் ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் கறுப்பு வெள்ளைப் படமும் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் தாள்தான் மிஞ்சும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுக்கிறார்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் மங்காது.

இரண்டாவது செலவு, திரும்பத் திரும்பப் பரிசோதனை. தர்மபுரியில் எடுத்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பெங்களூரு டாக்டர் கண்ணில் படாவிட்டால் அங்கே இன்னொரு முறை எடுப்பார்கள். காசு போவது ஒரு பக்கம். ஆறு மாதத்துக்கு முன் என்ன அளவு, இப்போது என்ன அளவு என்ற ஒப்பீடே கிட்னி நோயில் உயிர்நாடி, அது கிடைக்காமல் போகிறது.

தொலைந்துபோனால் ஆஸ்பத்திரியில் கேட்கலாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் "அப்புறம் வாங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபா எண்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கியது. அதில் கிடைக்கும் பதினான்கு இலக்க எண்தான் ஆபா. ஜி.ஹெச். ஓ.பி. கவுண்டரில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சீட்டு வாங்குவதும் இதோடு சேர்ந்ததுதான்.

நிறையப் பேர் நினைப்பதுபோல் எல்லா ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே பெட்டிக்குள் போய் விழுவதில்லை. எந்த ஆஸ்பத்திரியில் உருவானதோ அங்கேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் போனுக்கு ஒப்புதல் கேட்டு வரும். எந்தப் பதிவு, எத்தனை நாளைக்கு என்று பார்த்துச் சம்மதிக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். கணக்கையே நீக்கவும் வழி இருக்கிறது. சேர்வது கட்டாயமில்லை, எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. காகிதத்தில் இந்த அமைப்பு மிக நல்ல அமைப்பு. ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதை வடிவத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நடைமுறையில் இடறும் இடம் போன். நம் கிராமங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர். அது பெரும்பாலும் மகனிடமோ வீட்டுக்காரரிடமோ இருக்கும். ஓ.டி.பி. அங்கேதான் போகும். அம்மாவின் கர்ப்பப்பை ஸ்கேன், மருமகளின் சிறுநீர்ப் பரிசோதனை, கல்லூரி போகும் மகளின் ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுக்கும் கை அந்தப் போனை வைத்திருப்பவரின் கையாகிவிடுகிறது. சட்டம் நோயாளியின் ஒப்புதல் என்கிறது. வீட்டில் நடப்பது போன்காரரின் ஒப்புதல். பெண்களிடம் நான் தவறாமல் சொல்வது: ஆபா எடுப்பதானால் உங்கள் கையில் இருக்கும் நம்பரில் எடுங்கள். அப்படி ஒரு நம்பர் இல்லையென்றால் வரும்வரை பொறுங்கள்.

இன்னொரு சங்கடம், நம் பக்கத்துச் சின்ன கிளினிக்குகளும் லேப்களும் பல இதில் இணையவில்லை. எண் எடுத்தும் உள்ளே ஒன்றும் இருக்காது. எடுத்துவிட்டோமே என்று பையைத் தூக்கிப் போட்டவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்களைத் தாக்கி முடக்கினார்கள், பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டி வந்தது. நாட்டின் முதல் ஆஸ்பத்திரிக்கே அப்படி. பதிவு எங்கே உருவானதோ அங்கே பூட்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான் ஆபாவின் பாதுகாப்பும்.

லேப் ஆப், வாட்ஸ்அப், எச்சில் டப்பா

ஆப் வசதியை நான் மறுக்கவில்லை. பழைய ரிப்போர்ட் வரைபடமாக வரும், டாக்டர் முன் நீட்டினால் ஒரு நொடியில் புரியும். ஆனால் சேரும்போது அழுத்தும் 'சம்மதம்' பொத்தானுக்குள் யாரோடு பகிர்வார்கள் என்பதும் இருக்கிறது. நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை, தமிழில் அது கிடைப்பதும் அபூர்வம். 2024-இல் ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் கசிந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கசிந்த ரிப்போர்ட்டை எந்த நீதிமன்றமும் திரும்ப வாங்கித் தர முடியாது.

ஆப்பைவிட எனக்கு அதிகக் கவலை வாட்ஸ்அப். ஒரு சாதாரண லேப் கவுண்டரை உங்களுக்குக் காட்டுகிறேன். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் அன்றைய ரிப்போர்ட்டுகள் மடித்துக் கிடக்கும். வருகிறவர் ஒவ்வொருவரும் தன்னுடையதைத் தேடி மற்றதையெல்லாம் புரட்டுவார். பெயர், ஊர், வயது, மேலேயே 'வி.டி.ஆர்.எல்.' (பால்வினை நோய்ப் பரிசோதனை) என்றோ 'யூ.பி.டி.' (கர்ப்பப் பரிசோதனை) என்றோ எழுதியிருக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் நாள் முழுக்கத் திறந்திருக்கும். டவுன்லோடு ஃபோல்டருக்குள் போனால் இந்த வருடம் ரத்தம் கொடுத்த அத்தனை பேரின் பி.டி.எஃப். வரிசையாக நிற்கும். ரகசியம் காக்கக் கூடாது என்று யாரும் திட்டம் போட்டு இப்படி வைப்பதில்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்ற அவசரம்தான். "தம்பி, என்கிட்ட பெரிய போன் இல்ல, கொழுந்தன் நம்பருக்குப் போட்டு விடு" என்று சொல்லும் அக்காவிடம், போட்டால் அவர் பார்ப்பார், பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். பாதிப் பேர் யோசித்து, "வேணாம், சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன்" என்கிறார்கள். கேட்டால்தான் அந்த யோசனையே வருகிறது.

அடுத்தது எச்சில் டப்பா. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் டப்பா வரும், எச்சில் துப்பி அனுப்பினால் பூர்வீகம், வரப்போகும் நோய் எல்லாம் சொல்வதாக விளம்பரம். இதற்கு மட்டும் என் பதில் கறாரானது: டாக்டர் எழுதித் தராமல் வேண்டாம். அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனம் இந்தத் தொழிலில் முன்னோடி. 2023-இல் அதன் வாடிக்கையாளர்கள் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனுப் போட்டது. அந்த நேரத்தில் கலிபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞரே, உங்கள் தகவலை அழித்துக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு நினைவூட்டினார். கடைசியில் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் லாபநோக்கற்ற அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. நல்லபடியாக முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கோடிக்கணக்கானவர்களின் மரபணு, கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கம்பெனியின் சொத்துப் பட்டியலில் ஏறி நின்றது.

வங்கிக் கார்டு போனால் புதிய எண் வாங்கலாம், மரபணு போனால் மாற்று கிடையாது. மரபணுவைக் காரணம் காட்டி வேலையோ காப்பீடோ மறுக்கக் கூடாது என்று சொல்லும் தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. மரபணு நோய் என்ற விலக்கைச் சொல்லிக் காப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அது ஓரளவு துணை. அதற்கு மேல் நம்பி இருக்க எதுவும் இல்லை.

ஆராய்ச்சிக்கும் முகாமுக்கும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நம் மாவட்டங்களுக்குச் செய்யும் துரோகம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வளைந்த கால், நிமிர முடியாத முதுகு என்று தலைமுறை தலைமுறையாக அனுபவித்தோம். ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பிள்ளைகளின் பல்லையும் பெரியவர்களின் எலும்பையும் பார்த்துக் கணக்கெடுத்ததால்தான் இது ஊர்ப் பிரச்சினை, காவிரித் தண்ணீர் வேண்டும் என்று நிறுவ முடிந்தது. உடம்புத் தகவலைக் கூட்டாகக் கொடுத்தோம், கூட்டாகத் தண்ணீர் கிடைத்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சூளகிரிப் பக்கத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டு வாசலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறித்துக்கொண்டு போகிறார்கள், மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொடுத்தது நமக்கே திரும்பும் ஏற்பாடு இது.

கொடுத்தது திரும்பாத கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர், தங்கள் மக்களைச் சர்க்கரை நோய் வாட்டுகிறதே என்று 1990 முதல் அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அதே ரத்தத்தில் மனச்சிதைவு நோயைப் பற்றியும், சொந்தத்துக்குள் மணம் செய்வதைப் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றினோம் என்பது அவர்களின் நம்பிக்கை. அதற்கு எதிராக அவர்கள் ரத்தத்தையே சாட்சியாக நிறுத்தினார்கள். 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது. ஊர்ப் பெரியவர்கள் போய் அதை வாங்கி வந்தார்கள்.

ஐஸ்லாந்து வழக்கு இன்னும் நமக்கு நெருக்கம். நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவையும் ஒரே இடத்தில் சேர்க்க 1998-இல் அங்கே சட்டம் போட்டார்கள். ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் பதிவைச் சேர்க்கக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். அப்பாவின் பரம்பரைக் கூறுகளிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும் என்பதால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்று 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கும் நம் பக்கத்தில் இதன் கனம் கூடுதல். ஒருவர் கொடுக்கும் மரபணுத் தகவல் நாலு வீட்டுச் சம்பந்தத்தைத் தொடும். அதனால் மரபணு ஆய்வுக்கென்று யாராவது கேட்டால் தனியாக முடிவெடுக்காமல், கூடப்பிறந்தவர்களிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பதானால் கேட்க வேண்டியவை: நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, அதன் நகல் என் கையில் வருமா, இந்த ஓர் ஆய்வுக்கு மட்டுமா இனி வரும் எல்லாவற்றுக்குமா, வேண்டாம் என்றால் எந்த நாள்வரை விலகலாம். பெயரை முழுவதுமாக நீக்கிவிட்ட பிறகு உங்கள் மாதிரி எது என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாது, அதனால் அந்த நாள் முக்கியம். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணு வரிசை ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தகவல் மையத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் மக்களின் மரபணு அதில் இல்லாவிட்டால் நாளைய மருந்து நமக்குப் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. கேள்வி கேட்டுவிட்டுக் கொடுப்பவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள்.

ஒரே பார்வையில்

| | அவசரத்தில் | யார் பார்க்கலாம் | திரும்ப வாங்க | சொந்தக்காரர் தகவல் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|---|
| காகிதம் | பை கூட இருந்தால் | வீட்டார் | முழுமையாக | வெளியே போகாது | மங்கும், தொலையும், மறுபரிசோதனை |
| ஆபா | இணைந்த ஆஸ்பத்திரியில் நன்று | ஒப்புதல் பெற்றவர், போன் வைத்திருப்பவர் | ஒப்புதலை ரத்து செய்யலாம், பார்த்ததை அழிக்க முடியாது | குறைவு | போன் பொதுவானால் ரகசியம் போச்சு |
| லேப் ஆப், வாட்ஸ்அப் | உடனே | நிறுவனம், அதன் கூட்டாளிகள், கவுண்டர் | கேட்கலாம், உறுதியில்லை | குறைவு | விளம்பர அழைப்பு, கசிவு |
| எச்சில் டப்பா | பயனில்லை | நிறுவனத்தை வாங்குபவரும் | கசிந்தால் முடியாது | மிக அதிகம் | காலத்துக்கும் |
| ஆராய்ச்சி | பயனில்லை | அனுமதி பெற்ற ஆய்வாளர் | பெயர் நீக்கும்வரை | அதிகம் | ஒப்புதல் எதற்கென்று தெரியாவிட்டால் |

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்ற தகவல் இந்த அட்டவணையில் வராது. அதைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தர்மபுரிக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட மண்ணில், என் வயிறு என் தகவல் என்று சொல்லி யாராவது அதைக் கேட்டால், அந்தத் தகவலுக்கு விலையாகப் போவது இன்னோர் உயிர்.

மூவருக்கும் என் பதில்

ஓசூர் தம்பிக்கு: உங்கள் ஒப்புதல் இல்லாமல் கம்பெனி ஆபாவைத் திறக்க முடியாது. செக்கப் நடக்கும் இடத்தில் ஓ.டி.பி. கேட்டால் எதற்கென்று கேட்காமல் சொல்லாதீர்கள். உங்கள் கவலை ஆபாவைப் பற்றியதாக இருக்கத் தேவையில்லை. கம்பெனி தன் செலவில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் கவனிக்க வேண்டியது, அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் நேரே மனிதவளப் பிரிவுக்குப் போகிறது. என்னென்ன பரிசோதனை என்று பட்டியல் கேளுங்கள், ரிப்போர்ட் நகலும் கேளுங்கள். எச்.ஐ.வி. என்றால் 2017-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் காப்பாற்றும். ஹெபடைடிஸ் பி-க்கு அப்படி ஒன்று இல்லை. அது ரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும், ஒரே கேன்டீனில் சாப்பிடுவதாலோ ஒரே மிஷினில் வேலை பார்ப்பதாலோ பரவாது. அதைச் சொல்லும் டாக்டர் சான்று ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையைவிட முக்கியம், ஜி.ஹெச்.-இல் வைரஸ் அளவும் கல்லீரல் நிலையும் பார்த்துக்கொள்வது.

பாலக்கோட்டு அக்காவுக்கு: பையைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பாவுக்கு ஆபா எடுங்கள், உங்கள் நம்பரில் எடுக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு எடுங்கள். கிரியாட்டினின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ரத்த அழுத்தம் மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். பெங்களூரு டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த ஒரு பக்கத்தைத்தான். உங்கள் அப்பா மாதிரி பல ஊரில் வைத்தியம் பார்ப்பவருக்கு ஆபாவும் பையும் சேர்ந்தே வேண்டும்.

சித்தேரி அண்ணனுக்கு: கொடுங்கள். அது ஆராய்ச்சி முகாம் இல்லை, நோய் கண்டறியும் முகாம். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கிறார்கள். அரிவாள் செல் கூறை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார், வேலை செய்வார், பிள்ளை பெறுவார். கணவன் மனைவி இருவரும் சுமப்பவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தெரியாமல் கட்டிவைத்து, வலியில் துடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி அரூருக்கு ஓடுவதைவிட இப்போது தெரிந்துகொள்வது மேல். பேச்சாகிவிடுமோ என்ற உங்கள் பயமும் நியாயமானது. அதனால் முகாம் அன்று நர்ஸம்மாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முடிவைக் கூட்டத்தில் பெயர் வாசித்துச் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் தங்கைக்குப் பதினெட்டு நிரம்பியிருந்தால் அட்டையை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும், உங்கள் கையில்கூட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத் தங்கையே முடிவு செய்யட்டும். மாப்பிள்ளையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் தைரியத்தை மட்டும் நீங்கள் கொடுங்கள்.